பழைமையும் விருந்தும்

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் பக்கம் போகிறவர்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் வரிசை பிடித்து நிற்கும் தைலமரங்களைப் பார்க்காமல் போக முடியாது. ஊர்க்காரர்கள் பலர் அதை ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். ஒரு தைலப் புட்டியின் பெயரே மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த மரத்தின் உறவான பாட்டில்பிரஷ், சிவப்புக் குஞ்சங்களைத் தொங்கவிட்டபடி வீட்டு வாசலிலும் பள்ளி வளாகத்திலும் நிற்கிறது. இரண்டுக்கும் பிறந்த மண் ஆஸ்திரேலியா. தாவரவியல் கணக்கில் இரண்டும் நம் நாவல் மரத்தின் குடும்பம். ஒன்றை அகற்றச் சொல்லிப் புதுக்கோட்டை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். மற்றதை நாற்றுப்பண்ணையில் காசு கொடுத்து வாங்கி வந்து தண்ணீர் ஊற்றுகிறோம். அயல்நாட்டுப் பூச்செடியை வீட்டில் வைப்பது சரியா என்று சூழல் அக்கறை உள்ள பலர் இன்று கேட்கிறார்கள். கேட்கும்போது இது செடிகொடி பற்றிய கேள்விபோல இருக்கிறது. உண்மையில் இது அறத்தைப் பற்றிய கேள்வி. ஓர் உயிர் எங்கே பிறந்தது என்பது, அதனிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையை மாற்றுமா? ‘நாட்டுச் செடி, அந்நியச் செடி’ என்று பிரித்துவிட்டால் இதற்கு விடை கிடைக்காது என்று நினைக்கிறேன். நம் மொழியிலேயே இதைவிட நுட்பமான ஒரு சோடி இருக்கிறது: பழைமை, விருந்து. திருக்குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. பழைமை நெடுநாள் பழகியதால் வந்த உரிமை. விருந்து என்ற சொல்லுக்கோ புதுமை என்பதே பழம்பொருள். புதிதாக வந்தவர் அதனால்தான் விருந்தினர்.

முதலில், ஒரு மரம் குற்றவாளி ஆக முடியுமா என்று பார்க்க வேண்டும். தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று முதற்படியில் வைக்கிறது. தொடுவதை உணரும் அறிவு மட்டும் அவற்றுக்கு உண்டு. சமணமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. புதுக்கோட்டையில் இந்தச் சிந்தனை வெறும் ஏட்டில் இருந்ததில்லை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், கிறித்து பிறப்பதற்கு முந்தைய தமிழி எழுத்தும் இருக்கின்றன. கீழே குடைவரையின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டு ஓவியன் தாமரைக் குளம் ஒன்றைத் தீட்டினான். மீனும் பறவையும் யானையும் கலந்து வாழும் அந்தக் குளத்தில் மனிதர்கள் இறங்கிப் பூக்கொய்கிறார்கள். அங்கே தாமரையும் ஓர் உயிர். கொய்கிறவனுக்கு மட்டும் பொறுப்பு உண்டு. இந்த நோக்கில், தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளாத ஓருயிரின்மேல் பழி சுமத்துவது தவறான ஆளைப் பிடிப்பது போன்றது. தைலமரம் அரிமளத்துக்கு நடந்து வரவில்லை. அதை வரிசையில் நட்ட கைக்கும், நடச் சொன்ன கணக்குக்கும்தான் வினையும் விளைவும்.

இதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று இருக்கிறது. நம் கண்மாய் உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தை இங்கே யாரும் வெறுப்பதில்லை. நெற்று ஆட்டுக்குத் தீவனம், கட்டை கலப்பைக்கும் அடுப்புக்கும், குச்சி பல்துலக்க. கொக்கும் நாரையும் அதன் உச்சியில் கூடு கட்டும். (சீமைக்கருவேலம் வேறு, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இரண்டையும் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) இந்த நாட்டுக் கருவேலத்தை 1890களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள், ஆட்டு மந்தைகளுக்கு நிழலும் தீவனமும் ஆகும் என்று. கால்நடைகள் தின்று போட்ட விதை முளைத்து, அங்கிருந்த புல்வெளிகளில் பல இலட்சம் ஹெக்டேரை மூடிவிட்டது. ஆஸ்திரேலிய அரசு தேசிய அளவில் கட்டுப்படுத்த வேண்டிய களைகளின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை அங்கே கொள்ளைக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறது. மரத்தின் இயல்பு கப்பலில் மாறிவிடவில்லை. அதைச் சுற்றியிருந்த உறவுகள் அறுந்துபோயின: தின்று மட்டுப்படுத்திய பூச்சிகள், வெட்டிப் பயன்படுத்திய கைகள், நீர் ஏறி இறங்கிய கண்மாய் எல்லாம் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டன. அப்படியானால் நன்மையும் தீமையும் மரத்துக்குள் இல்லை. மரத்துக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கின்றன.

கோயில் மரபு இதை எப்போதோ உணர்ந்திருந்தது என்பதற்குப் பூக்களே சாட்சி. கீரமங்கலம் பூச்சந்தையில் காலையில் எடைபோடும் சம்பங்கி மெக்சிகோவில் பிறந்த செடி. செண்டிப்பூவும் அங்கிருந்து வந்ததுதான். மெக்சிகோ மக்கள் இறந்தோரை நினைக்கும் நாளில் அதைப் படைக்கிறார்கள், நாம் தேருக்கும் திருமேனிக்கும் சாத்துகிறோம். கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. இவற்றையெல்லாம்விட வியப்பானது நாகலிங்கம். தென்னமெரிக்கக் காடுகளில் பிறந்த அந்த மரத்தின் பூவுக்குள் லிங்கத்தையும் மேலே குடைபிடிக்கும் நாகத்தையும் கண்டுகொண்ட கண் நம்முடையது. கண்டுகொண்ட பிறகு அது சிவனுடைய பூவாகிவிட்டது. இன்று அதை அயல்மரம் என்று சொன்னால் பக்தர் யாரும் நம்பமாட்டார். பூ எந்த நாட்டில் பிறந்தது என்று கருவறை கேட்கவில்லை. வாடாமல் இருக்கிறதா, மணம் இருக்கிறதா, கொண்டுவந்தவன் கவனத்தோடு கொண்டுவந்தானா என்றுதான் பார்த்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியதும் அந்தக் கவனத்தின் வேலைதான். ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைக்கும் அளவுக்குப் பார்த்திருந்தால்தான் அப்படி அடுக்க முடியும்.

தலவிருட்சம் என்ற கருத்தும் இங்கே உதவும். இதே மாவட்டத்து ஆவுடையார்கோயிலில், திருப்பெருந்துறை என்று பாடல் பெற்ற அந்த இடத்தில், குருந்த மரத்தடியில் அமர்ந்திருந்த குருவிடம் மாணிக்கவாசகர் ஆட்பட்டார் என்பது மரபு. குருந்து அரிய மரம் இல்லை. இந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளில் முள்ளோடு நிற்கும் காட்டு எலுமிச்சை இனம். அது புனிதமானதற்குக் காரணம் அதன் பிறப்பு இல்லை, அதனடியில் நடந்த சந்திப்பு. சிவபுராணத்தில் உயிர் எடுத்த பிறவிகளை எண்ணத் தொடங்கும்போது மாணிக்கவாசகர் தாவரப் பிறவியிலிருந்தே தொடங்குகிறார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவருக்கு மரம் பின்னணிக் காட்சியாக இருக்கவில்லை, வழித்துணையாக இருந்தது. தலவிருட்சத்தின் இன்னொரு இலக்கணத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்: அதை வெட்டுவதில்லை. அதற்கு விலை கிடையாது, அறுவடை ஆண்டு கிடையாது. ஒரு மரத்துக்கு நாம் தரக்கூடிய மிகப்பெரிய மரியாதை, அது எதற்கும் பயன்படாமல் நிற்கவும் உரிமை உடையது என்று ஒப்புக்கொள்வது. வீட்டுத் தோட்டத்தில் கூலியும் வருமானமும் பாராமல் ஒரு பூச்செடியை வைத்துப் பார்க்கிறவர் சிறிய அளவில் அந்த மரியாதையைத்தான் செய்கிறார்.

தைலமரத் தோட்டம் இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 சனவரியில். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அதே ஆண்டில்தான் உருவானது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் இது. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்கு ஓடி மழையோடு நிற்பவை. ஊர்கள் பிழைத்தது ஆயிரக்கணக்கான கண்மாய்களாலும் ஊருணிகளாலும்தான். மேட்டில் இருந்த காட்டில் விழுந்த மழை வரத்துவாரி வழியாக வழிந்து முதல் கண்மாயை நிரப்பும், அது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்த மேட்டுக் காடு உலக்கைப்பாலையும் வீரையும் காயாவும் உசிலும் மண்டிய உலர் பசுமைக்காடாகவும் முட்புதராகவும் இருந்தது. வெளியாள் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். ‘பயனற்ற நிலம்’ என்று எழுதிவைக்க ஏற்ற நிலம். அங்கேதான் அந்தக் கழகத்தின் தைலமரம் காகிதக் கூழுக்காக ஏறியது. தைலமரம் நிலத்தடி நீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே விவாதம் உண்டு. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க வெட்டிய குழிகளும் போட்ட வரப்புகளும் வரத்துவாரிகளை மறித்து, கீழேயுள்ள கண்மாய்களுக்கு நீர் வராமல் செய்துவிட்டன என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தளிர், மறுபடி வெட்டு. திணை என்று நம் முன்னோர் சொன்னது நிலத்தை மட்டுமா? மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், தெய்வம் எல்லாம் சேர்ந்த கருப்பொருள் கூட்டம் அது. ஒரே வயதில் நிற்கும் ஒரே மரத்தின் காட்டில் அந்தக் கூட்டம் கூடுவதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. இதை விருந்து என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டாரை வெளியேற்றிவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டதற்கு ஒப்பானது இது.

அப்படியானால் காகிதத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் வானளாவ முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைக்கு மாசிமகத்தன்று காகிதப்பூ மாலைகளை மக்கள் குவிக்கிறார்கள். சாமியின் பெயரிலேயே காரை என்ற நம் காட்டுச் செடி இருக்கிறது. சாத்தும் மாலையோ காகிதம், அந்தக் காகிதத்துக்கு எங்கோ ஒரு மரம் கூழாகியிருக்கிறது. பந்தல் போடவும் சாரம் கட்டவும் நாம் நம்பியிருக்கும் சவுக்கும் ஆஸ்திரேலியாவைத் தாயகங்களில் ஒன்றாகக் கொண்டதுதான். எனவே ஆஸ்திரேலிய மரம் எதுவுமே வேண்டாம் என்று சொல்கிறவர் தன் வாழ்க்கையைக் கவனித்துப் பார்க்கவில்லை என்றே பொருள். பட்டா நிலத்தில் தன் கணக்குப் பார்த்துச் சவுக்கு நடும் குடியானவரை நான் குறை சொல்லமாட்டேன். கண்மாய்களுக்கு நீர் தரும் பொதுமேட்டை ஒற்றை மரத்துக்கு எழுதிவைப்பது வேறு. அங்கே இழப்பது ஒருவர், வரவு பெறுவது வேறொருவர்.

இனி, என் வாதத்துக்கு மிக வலுவான மறுப்பு. வீட்டுத் தோட்டம் தனி, பெருந்தோட்டம் தனி என்று பிரிக்கிறீர்களே, பெருந்தோட்டம் எங்கிருந்து தொடங்கியது என்று ஒருவர் கேட்கலாம். நந்தி மலையில் திப்பு சுல்தானின் தோட்டத்துக்கு 1790 வாக்கில் வந்த அழகுமரமாகத்தான் தைலமரம் இந்தியாவில் கால்வைத்தது என்று சொல்லப்படுகிறது. நீலகிரிக்கு அது 1843இல் வந்தது. கூடவே வந்த சீகை மரங்கள் இன்று சோலைகளுக்கு நடுவேயுள்ள புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. உண்ணிச்செடி பூந்தோட்டத்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவுக்கு வந்தது. இப்போது முதுமலையில் யானைக்கு வழிவிடாமல் மண்டிக் கிடக்கிறது. தொட்டியில் இருந்தது காட்டுக்குப் போகாது என்று எப்படி நம்புவது? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ‘எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை’ என்பது இங்கே செல்லுபடியாகாது. திப்புவுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அதனால் விருந்தோம்பலில் அறிவும் ஒரு கடமையாகிறது. வருகிறவர் யார், என்ன உண்பார், எவ்வளவு நாள் தங்குவார் என்று அறியாமல் கதவைத் திறப்பது பெருந்தன்மை ஆகாது. இதே அறிவு செடிகளுக்குள் வேறுபாட்டையும் காட்டுகிறது. உண்ணியின் பழத்தைப் பறவை தின்று எங்கும் விதைக்கிறது. பாட்டில்பிரஷ் தன் நுண்விதையைக் கிளையோடு ஒட்டிய மரக்குமிழ்களுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்து, கிளை காய்ந்தாலோ தீப்பட்டாலோதான் உதிர்க்கிறது. அதன் இயல்பான இடம் கிழக்கு ஆஸ்திரேலிய ஓடைக்கரைகள்; நம் செம்புறை மேட்டில் விதை விழுந்தாலும் ஈரமில்லாமல் நாற்றாக நிலைப்பது கடினம். ஆயினும் வாரிக்கரையிலும் கண்மாய் ஓரத்திலும் அதை நடவேண்டாம் என்பேன். சுற்றுச்சுவருக்குள், கண்பார்வையில் இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. பிறந்த இடம் பொருட்டே இல்லை என்றால் இயற்கையியலாளர்கள் ஏன் நாட்டு மரத்தையே நடச் சொல்கிறார்கள்? இங்கே நான் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பூவின் தேனை வந்தவர் போனவர் எல்லாரும் குடிக்கலாம். ஊதாத் தேன்சிட்டுக்குப் பாட்டில்பிரஷ் பூவும் ஒன்று, முருங்கைப் பூவும் ஒன்று. இலை அப்படி இல்லை. ஒவ்வொரு இலையிலும் அதற்கே உரிய நஞ்சு இருக்கிறது. அதைச் செரிக்கப் புழுக்கள் பல்லாயிரம் தலைமுறை பழக வேண்டும். குருந்தின் இலையில் கருநீலப் பெருவண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. அதன் புழு பாட்டில்பிரஷ் இலையில் பட்டினி கிடந்து செத்துப்போகும். விருந்துச் செடி வளர்ந்த பூச்சிக்குச் சிற்றுண்டி தரும். பிள்ளைக்குச் சோறு போட முடிவது பழகிய செடிக்குத்தான். ஆகவே பிறப்பிடம் பொருட்டுத்தான். இரத்தமாகவோ தூய்மையாகவோ பொருட்டு ஆவதில்லை, பழக்கத்தின் நீளமாகப் பொருட்டு ஆகிறது. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ‘அந்நியம்’ என்ற சொல் செடியோடு நிற்பதில்லை. இதே மாவட்டத்தில் தோப்புக்கொல்லையிலும் லெனாவிளக்கிலும் அழியாநிலையிலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் முகாம்களில் வாழ்கிறார்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு. வெளியிலிருந்து வந்தது எல்லாம் கேடு என்று மரத்தைச் சாக்கிட்டுச் சொல்லிப் பழகிய நாக்கு, நாளை மனிதரைப் பார்த்தும் அதையே சொல்லும். பழைமை என்பது நாள்பட நாள்படக் கூடுகிற ஒன்று. இன்றைய விருந்து நாளைய பழைமை ஆகலாம், நாகலிங்கம் ஆனதுபோல. பிறப்பை வைத்து வேலி போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இதிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, விருந்தோம்ப ஒரு வீடு வேண்டும், வீட்டில் ஆட்கள் வேண்டும். காரையும் குருந்தும் காயாவும் வெட்பாலையும் மகிழமும் ஒன்றுகூட இல்லாத தோட்டத்தில் பாட்டில்பிரஷ் மட்டும் நின்றால் அது விருந்து ஆகாது, வெறும் காட்சிப்பொருள். மேட்டுக்காட்டிலிருந்து துரத்தப்பட்டவற்றுக்கு முதலிடம் கொடுத்தபின் புதியவருக்கு ஓரிடம் கொடுப்பதே முறை. இரண்டாவது, வந்தவருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து பரிமாற வேண்டும். ஆஸ்திரேலிய மண் மிகப் பழைய மண். மணிச்சத்து அதில் மிகக் குறைவு. கிரெவில்லியா, பேங்க்சியா போன்றவை அந்த வறுமையிலேயே வாழக் கற்றவை. கிடைக்கும் சிறிதளவையும் உறிஞ்ச அவற்றின் வேர் கொத்துக்கொத்தாகப் பிரிகிறது. அவற்றுக்கு நாம் அன்போடு டிஏபியும் எலும்புத்தூளும் போட்டால் இலை கருகிச் செத்துப்போகும். நம் செம்புறை மண்ணின் குறையே அவற்றுக்கு ஏற்ற பந்தி. நம் தாராளம் அவற்றுக்கு நஞ்சு. மூன்றாவது தண்ணீர். சித்திரையில் குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் தெருவில் அழகுக்குக் குழாய் திறப்பது ஒப்பாது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாழக்கூடியதை மட்டும் வைக்கலாம். வேரூன்றிய பாட்டில்பிரஷ் அதைத் தாங்கும். அதையும் தாங்காத செடியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மாவட்டத்துக்கு அழைத்துவருவது அதற்கே செய்யும் கொடுமை.

கடைசியாக, இந்தப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாகாது என்பதற்குப் பிறப்பைக் காரணம் காட்ட முடியாது. அதை மேலே பார்த்தோம். ஆனால் பாட்டில்பிரஷ் பூவில் நாம் குஞ்சமாகக் காண்பது இதழ் இல்லை, நூற்றுக்கணக்கான மகரந்தத் தண்டுகள். பறித்துவைத்தால் அவை விரைவில் வாடி உதிர்ந்துவிடும், நாரில் தொடுக்கவும் நிற்காது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமானவர் பூசைக்குப் பூவெடுக்கப் போய், பூவுக்குள் இறைவனே நிற்கக் கண்டு கைவராமல் திரும்பியதாகப் பாடியிருக்கிறார். பறிக்காமல் விடுவதும் ஒரு பூசை என்பதற்கு அந்தத் தயக்கத்தைவிட உயர்ந்த சான்று வேண்டியதில்லை. கிளையிலேயே விட்டால் விடிந்ததும் தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். பக்கத்தில் ஒரு குருந்துக் கன்றும் இருந்தால், அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டை வைத்துவிட்டுப் போகும்.